கோப்பு கையில் இருக்கிறது, கடவுச்சொல் இல்லை

கேள்வி: 2013-ல் நண்பர் ஒருவரிடமிருந்து கொஞ்சம் பிட்காயின் வாங்கி, என் லேப்டாப்பில் இருந்த பிட்காயின் க்யூடி மென்பொருளில் வைத்திருந்தேன். வாங்கிச் சில வாரம் கழித்துத்தான் வாலட்டுக்குக் கடவுச்சொல் போட்டேன். அப்புறம் அதை மறந்தே போய்விட்டேன். இப்போது ஒரு பென் டிரைவில் வாலட்.டாட் கோப்பு கிடைத்திருக்கிறது. ஐம்பது அறுபது கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன், எதுவும் திறக்கவில்லை. அதிகம் முயன்றால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லை. ஃபார்மட் செய்து சரிபண்ணலாம் என்கிறான் தம்பி. டெலிகிராமில் ஒருவர், கோப்பையும் முன்பணத்தையும் அனுப்பினால் இரண்டே நாளில் திறந்து தருவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா? திறக்க வழி உண்டா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில், நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தின் அடியில் "இவற்றில் ஒன்றாக இருக்கலாம்" என்று மூன்று கடவுச்சொற்களை எழுதியிருந்தீர்கள். அந்த வரிகளை அழித்துவிட்டேன். அவற்றில் ஒன்றையாவது இன்னும் மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். இனிமேலும் எனக்கோ வேறு யாருக்கோ உங்கள் ஊகங்களை எழுதி அனுப்பாதீர்கள். இந்த வேலையில் உங்களிடம் இருக்கும் மூலதனமே அந்த ஊகங்கள்தான்.

டெலிகிராம்காரருக்கு அனுப்பலாமா? வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். லேப்டாப்பை ஃபார்மட் செய்யலாமா? அதுவும் வேண்டாம். இதை மட்டும் இப்போதே விளக்கிவிடுகிறேன், தம்பி கையில் ஸ்குரூ டிரைவரோடு நிற்கக்கூடும்.

வாங்கிச் சில வாரம் கழித்துத்தான் கடவுச்சொல் போட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். அந்தச் சில வாரமும் உங்கள் வாலட், அதாவது காசைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவிகள் இருக்கும் கோப்பு, பூட்டில்லாமல் அந்த லேப்டாப்பின் டிஸ்க்கில் இருந்திருக்கிறது. கடவுச்சொல் போட்டபோது மென்பொருள் கோப்பைப் புதிதாக எழுதியிருக்கும். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கில், அழிக்கப்பட்ட கோப்பின் எழுத்துகள் அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். நீங்களே அந்த நாட்களில் எங்காவது ஒரு பேக்கப் நகல் எடுத்து வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. பூட்டில்லாத அந்தப் பழைய கோப்போ அதன் ஒரு துண்டோ கிடைத்தால், மறந்துபோன கடவுச்சொல்லே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம்.

இங்கே பலரைத் தடுக்கி விழவைத்த ஒரு விஷயம் உண்டு. கடவுச்சொல் போட்டு முடித்ததும் அந்த மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டும்: பூட்டில்லாத பழைய பேக்கப்புகள், புதிய கோப்பைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பயனற்றதாகிவிடும் என்று. அதைப் படித்துவிட்டுப் பழைய நகல்களைத் தேடாமலேயே விட்டவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை பாதிதான் உண்மை. அந்தக் காலத்து வாலட், வரப்போகும் பயன்பாட்டுக்காக நூறு சாவிகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கும். ஒவ்வொரு சாவிக்கும் பணம் பெற ஒரு முகவரி உண்டு, வங்கிக் கணக்கு எண் மாதிரி. கடவுச்சொல் போட்டதும் அந்த நூறையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக நூறு உருவாக்கும். ஆகவே அதற்குப் பிறகு புதிய முகவரிக்கு வந்த காசைப் பழைய நகலால் எடுக்க முடியாது. ஆனால் அதற்கு முன்பே வந்த காசு, வந்த முகவரியிலேயே அசையாமல் இருக்கிறதென்றால், அதன் சாவி பழைய நகலில் நிச்சயம் இருக்கும். நீங்கள் வாங்கியது முன்பு, பூட்டியது பின்பு. பூட்டிய பிறகு யாருக்காவது அனுப்பியிருந்தால் மட்டும் கதை மாறும். அனுப்பியது போக மீதிச் சில்லறையை மென்பொருள் வேறொரு புதிய முகவரிக்கு மாற்றியிருக்கும்.

அதனால் லேப்டாப்பை ஆன் செய்யவே முயலாதீர்கள். டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கணினியில் இணைத்து, கோப்பு கோப்பாக அல்லாமல் முழு டிஸ்க்கையும் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை ஓர் இமேஜாக நகல் எடுக்க வேண்டும். தேடலெல்லாம் அந்த இமேஜில்தான். பைவாலட் என்ற பழைய கருவி, இப்படிப்பட்ட இமேஜைத் துழாவி வாலட் சாவிகளின் தடத்தைக் கண்டுபிடிக்கும். டிஸ்க் உள்ளே கரகரவென்று சத்தம் போட்டால் நீங்கள் தொடவே வேண்டாம், தரவு மீட்பு ஆய்வகத்தின் வேலை அது. உள்ளே இருப்பது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை என்றால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும் பழக்கம் உடையது.

பென் டிரைவ் கோப்புக்கும் இதே மரியாதைதான். இன்றைக்கே மூன்று நகல் எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். மூலத்தை மறுபடி எதிலும் செருகாதீர்கள். இனி செய்யும் எல்லாச் சோதனையும் நகலின் மேல்தான்.

அடுத்து, உள்ளே எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் காலி வாலட்டைத் திறக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வகை வாலட்டில் கடவுச்சொல் பூட்டுவது சாவிகளை மட்டும்தான். முகவரிகள் வெளிப்படையாகவே இருக்கும். நகலை ஒரு பழைய பிட்காயின் கோர் பதிப்பில் திறந்தால், பணம் பெறும் முகவரிகள் கடவுச்சொல் இல்லாமலே தெரியும். (நீங்கள் சொல்லும் பிட்காயின் க்யூடிதான் 2014-ல் பிட்காயின் கோர் என்று பெயர் மாறியது. மிகச் சமீபத்திய பதிப்புகள் இந்தப் பழைய வடிவக் கோப்பை நேரடியாகத் திறப்பதில்லை, அதனால்தான் பழைய பதிப்பு என்கிறேன்.) கிடைக்கும் முகவரிகளை பிட்காயின் பரிமாற்றப் பதிவேட்டைக் காட்டும் ஏதாவது பிளாக்செயின் தேடுதளத்தில் போட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, இன்னும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எதுவுமே காட்டவில்லை என்றால் உடனே மனமுடைய வேண்டாம். லைட்காயின், டோஜ்காயின் போன்ற வேறு நாணயங்களின் வாலட்டுகளும் தங்கள் கோப்புக்கு இதே வாலட்.டாட் பெயரைத்தான் வைக்கின்றன.

சரி, பழைய நகல் கிடைக்கவில்லை, காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கடவுச்சொல்லோடு மோதித்தான் ஆக வேண்டும்.

பூட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தை இங்கேயே விடுங்கள். உங்களிடம் இருப்பது வெறும் கோப்பு. ஆயிரம் தடவை தவறாகப் போட்டாலும், கோடித் தடவை போட்டாலும் அது ஒன்றும் செய்யாது. பூட்டிக்கொள்ளும் கதையை நீங்கள் எங்கோ படித்திருப்பீர்கள், அது அநேகமாக ஸ்டீஃபன் தாமஸ் என்ற நிரலாளருடையது. அவருடைய 7,002 பிட்காயினின் சாவி, கடவுச்சொல் கேட்கும் அயர்ன்கீ என்ற பென் டிரைவில் மாட்டிக்கொண்டது. அந்தக் கருவி பத்து முறைதான் வாய்ப்புத் தரும். எட்டு முடிந்துவிட்டது என்று 2021-ல் செய்தி வந்தது. அவரைக் கட்டிப்போட்டது அந்த டிரைவ். பிட்காயின் வாலட்டுக்கு அப்படியொரு குணம் கிடையாது.

அதற்குப் பதிலாக இது வேறொரு தடை வைத்திருக்கிறது: மெதுவாக்கும் தடை. வாலட்டுக்குள் ஒரு தலைமைச் சாவி இருக்கிறது. மற்ற சாவிகளையெல்லாம் பூட்டியிருப்பது அது. அந்தத் தலைமைச் சாவியைப் பூட்டியிருப்பது உங்கள் கடவுச்சொல். ஆனால் நேரடியாக அல்ல. கடவுச்சொல்லை எஸ்எச்ஏ-512 என்ற கணக்கில் குறைந்தது 25,000 முறை திரும்பத் திரும்ப அரைத்து, கடைசியில் வருவதைக் கொண்டுதான் பூட்டு. எத்தனை முறை அரைப்பது என்பதை அன்றைக்கு உங்கள் லேப்டாப்பின் வேகத்தைப் பார்த்து மென்பொருளே முடிவு செய்திருக்கும். ஆகவே ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க இவ்வளவு அரைத்தாக வேண்டும். உங்களுக்கு ஓர் ஊகம் போடக் கண்ணிமைக்கும் நேரம்தான். கோடிக்கணக்கில் போட நினைப்பவனுக்குத்தான் வலிக்கும். இதில் 'மறந்துவிட்டதா?' என்ற பொத்தான் கிடையாது, அழைத்துக் கேட்க அலுவலகமும் கிடையாது. கடவுச்சொல்லின் இன்னொரு பிரதி உலகத்தில் எங்கும் இல்லை.

எத்தனை கோடி என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என்று கலந்த எட்டு இடக் கடவுச்சொல், முழுக்கத் தாறுமாறானது என்றால் 218 லட்சம் கோடி சாத்தியங்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டுகளைப் போட்டு விநாடிக்கு 10,000 ஊகம் சோதிப்பதாக வைத்துக்கொண்டாலும் எல்லாவற்றையும் முடிக்க ஏறக்குறைய 690 ஆண்டு ஆகும். யாராவது 'என் சூப்பர் கம்ப்யூட்டர் இரண்டு நாளில் திறந்துவிடும்' என்றால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மனிதர் வைக்கும் கடவுச்சொல் தாறுமாறாக இருப்பது அபூர்வம். அதில் ஒரு பெயர் இருக்கும், ஒரு வருடம் இருக்கும், எப்போதும் போடும் ஒரு குறி இருக்கும். அந்தக் கணக்கு வேறு. உங்கள் பழக்கத்தில் பன்னிரண்டு சொற்கள் உண்டு என்போம். ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்துக்கூட்டல், அதில் பெரிய எழுத்து போடும் முறை மூன்று. ஆகமொத்தம் 108. கூடவே அறுபது எண்கள், குறி இல்லாமையும் சேர்த்து எட்டு குறிகள், மூன்றையும் ஆறு விதமாக வரிசை மாற்றலாம். பெருக்கினால் 3,11,040. கார்டு எதுவும் இல்லாத சாதாரணக் கணினி விநாடிக்கு 50 சோதித்தால்கூட ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 690 ஆண்டுக்கும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் நடுவில் நிற்பது கணினியின் பலம் இல்லை. 2013-ல் இருந்த உங்களைப் பற்றி நீங்கள் எவ்வளவு சொல்ல முடிகிறது என்பதுதான்.

என் வேலையில் பெரும்பகுதி இந்த விசாரணைதான். வருகிறவர்கள் நான் கணினியைத் தட்டிக்கொண்டிருப்பேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் ஒரு காகிதத்தை நீட்டி, அந்த வருடம் எங்கே வேலை பார்த்தீர்கள், யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள், எந்த போன் வைத்திருந்தீர்கள் என்று கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும்.

நீங்களும் ஒரு நோட்டில் தொடங்குங்கள். கணினியில் வேண்டாம், காகிதத்தில். இதுவரை போட்டுப் பார்த்த ஐம்பது அறுபதையும் நினைவிருக்கும் மட்டும் எழுதிவிடுங்கள். அடுத்து, 2010 முதல் 2015 வரை நீங்கள் எங்கெல்லாம் கடவுச்சொல் வைத்தீர்களோ அதையெல்லாம். ஒரே சொல்லை எப்படி நாளாக நாளாக வளர்த்தீர்கள் என்பது முக்கியம். முதலில் வெறும் பெயர், பிறகு எண் கேட்டார்கள் என்று ஓர் எண், பிறகு குறி கேட்டார்கள் என்று ஓர் ஆச்சரியக்குறி, இப்படித்தான் பெரும்பாலோர் வளர்ப்பார்கள். அந்த வளர்ச்சியில் 2013 எந்தப் படியில் இருந்தது என்று பாருங்கள். இன்றைய கடவுச்சொல்லிலிருந்து பின்னோக்கி ஊகிப்பவர்கள், அன்று இல்லாத பழக்கத்தையும் அன்றைய தலையில் கட்டிவிடுவார்கள்.

பழைய டிஸ்க்கின் இமேஜ் இங்கேயும் உதவும். அதில் ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ சேமித்து வைத்த கடவுச்சொற்கள் இருக்கலாம். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களையும் அந்த மாதத்துத் தேதிகளில் போய்த் தேடுங்கள்.

வாலட்டுக்குக் கடவுச்சொல் கேட்டுத் திரையில் ஒரு பெட்டி திறந்த கணத்தை நினைத்துப் பாருங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தாறுமாறான எழுத்துகள், இல்லாவிட்டால் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் போடுங்கள் என்று அது கேட்டிருக்கும். அதைப் படித்த பலர் தங்கள் வழக்கமான கடவுச்சொல்லைப் போடாமல் கொஞ்சம் நீட்டினார்கள். அதையே இரண்டு தடவை ஒட்டிப் போட்டவர்கள் உண்டு. இரண்டு கடவுச்சொற்களைச் சேர்த்தவர்கள் உண்டு. ஒரு முழு வாக்கியத்தை இடைவெளியோடு எழுதியவர்கள் உண்டு. 'என் கடவுச்சொல் எதுவும் வேலை செய்யவில்லை' என்பவர்களிடம் இதைத்தான் முதலில் சோதிப்பேன்.

அந்தப் பெட்டி கடவுச்சொல்லை இரண்டு தடவை கேட்டிருக்கும். ஆகவே தற்செயலாக விரல் வழுக்கியிருக்க வாய்ப்புக் குறைவு, இரண்டு தடவையும் ஒரே மாதிரி வழுக்க வேண்டுமே. ஆனால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி நேரும் தவறுகள் இருக்கின்றன. கேப்ஸ் லாக் ஆனில் இருந்திருக்கலாம். சிறிய லேப்டாப்பில் 'Num Lock' விசை ஆனில் இருந்து வலக்கைப் பக்கத்து எழுத்துகள் எண்களாக விழுந்திருக்கலாம். பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும், அதனால் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். வேறெங்கோ எழுதி வெட்டி ஒட்டியிருந்தால் முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

நம்மைப் போலத் தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இன்னொரு கிளை இருக்கிறது. தமிழ்ச் சொல்லையோ வரியையோ ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்தால், அதன் எழுத்துக்கூட்டல் உங்களுக்கே நிலையாக இருக்காது. ழகரத்துக்கு ஒரு நாள் இரண்டு எழுத்து, இன்னொரு நாள் ஓர் எழுத்து. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதும் விடுவதும் அன்றைய மனநிலை. தகரத்துக்கு எச் சேர்ப்பதா, வல்லினம் மிகும் இடத்தில் இரட்டிப்பதா? இப்படி ஒரே சொல் இருபது முப்பது வடிவம் எடுக்கும். கையால் தட்டிப் பார்ப்பவர் அதில் மூன்றைப் போட்டுவிட்டு 'அந்தச் சொல் இல்லை' என்று கழித்துவிடுவார். கழித்ததில்தான் பெரும்பாலும் விடை கிடக்கும். தமிழ் எழுத்திலேயே தட்டியிருந்தால் இன்னொரு சிக்கல். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணக்குக்கு வேறு வேறு. இரண்டையும் சோதிக்க வேண்டும்.

விரல்களையும் கேளுங்கள். தலை மறந்ததை விரல் மறக்காமல் வைத்திருக்கும். ஒருவர் இரண்டு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து எதுவும் நினைவுக்கு வராமல் எழுந்தார். அவருடைய பழைய கீபோர்டைக் கொண்டுவரச் சொல்லி, இணையம் இல்லாத கணினியில் மாட்டி, 'பேசிக்கொண்டே அன்றைக்கு லாகின் செய்வது போலத் தட்டுங்கள்' என்றேன். கடவுச்சொல் அப்படியே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசியில் இடக்கை சுண்டுவிரல் ஷிஃப்டுக்குப் போனது. குறி முடிவில் இருந்திருக்கிறது, முதலில் இருப்பதாக அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

சத்தியம் செய்பவர்களைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், இது உலகறிந்தது. ஒருவர் 2013-ல் கடவுச்சொல் உருவாக்கும் மென்பொருள் ஒன்றில் இருபது எழுத்துக் கடவுச்சொல் எடுத்து 43.6 பிட்காயினைப் பூட்டி, கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டார். ஜோ கிராண்ட் என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளியும், அந்த மென்பொருளின் பழைய பதிப்பு கணினியின் தேதி நேரத்தை வைத்தே கடவுச்சொல் உருவாக்கியது என்று கண்டுபிடித்தார்கள். அதனால் அந்த நாட்களின் ஒவ்வொரு விநாடிக்கும் உரிய கடவுச்சொல்லை மறுபடி உருவாக்கிப் பார்க்க முடிந்தது. முதலில் கிடைக்கவில்லை. தேதி எல்லையை விரித்தும் கிடைக்கவில்லை. சிறப்புக் குறிகள் இருந்ததாக அவர் நினைத்ததை விட்டுவிட்டுத் தேடியபோதுதான் கிடைத்தது. இந்தக் கதை 2024-ல் வெளியானது. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது மென்பொருள் ஓட்டையை அல்ல. உங்கள் நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் 'உறுதி', 'இருக்கலாம்' என்று எழுதுங்கள். முதல் சுற்றில் உறுதியை நம்புங்கள். இரண்டாம் சுற்றில் அந்த உறுதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள்.

நோட்டு நிரம்பியதும் கருவி. பிடிசி ரிகவர் என்ற திறந்த மூல மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது, இலவசம். ஒரு கோப்பில் உங்கள் துண்டுகளை எழுதினால் போதும். ஒரே வரியில் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் எடு, இந்த வரி கட்டாயம் வேண்டும், இது கடைசியில்தான் வரும் என்றெல்லாம் குறித்துக் கொடுக்கலாம். எழுத்துப் பிழை, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாற்றம் ஆகியவற்றையும் அதுவே போட்டுப் பார்க்கும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ஹாஷ்கேட் என்ற இன்னொரு கருவி வேகம். இவற்றின் பெயரில் திருட்டு மென்பொருள்களும் உலவுகின்றன. அதை எழுதியவர்களின் மூலக் களஞ்சியத்திலிருந்து மட்டும் இறக்கி, இணையத்தைத் துண்டித்த கணினியில் ஓட்டுங்கள்.

ஓட்டும் முன் ஒரு ஒத்திகை. புதிதாக ஒரு காலி வாலட் உருவாக்கி, உங்கள் பட்டியலிலிருந்தே ஒரு கடவுச்சொல்லைப் போட்டுப் பூட்டி, அதைக் கருவி கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். அமைப்பில் ஒரு சின்னத் தவறு இருந்ததால் மூன்று வாரம் வெட்டியாக ஓடிய கணினியை நான் பார்த்திருக்கிறேன், சொல்லப்போனால் அது என்னுடையது. தமிழ் எழுத்து வரும் பட்டியல் என்றால் இந்த ஒத்திகையைத் தவிர்க்கவே கூடாது.

முதல் சுற்றுச் சிறியதாக இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கில் ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு சொல் என்று மாற்றினாலே மூன்று லட்சம் ஏறக்குறைய 6.7 கோடியாகிவிடும். விநாடிக்கு ஐம்பது என்றால் பதினைந்தரை நாள், கார்டுகளோடு பத்தாயிரம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள். அந்த இடத்தில்தான் வெளி உதவி கேட்பது நியாயம்.

வெளி உதவி என்றதும் உங்கள் டெலிகிராம் நண்பர். முழு வாலட் கோப்பைப் பெறுபவர், கடவுச்சொல் கிடைத்த நொடியில் காசை எடுத்துக்கொள்ளலாம், உங்களிடம் 'கிடைக்கவில்லை, மன்னிக்கவும்' என்று சொல்லிவிடலாம். உங்களால் நிரூபிக்கவே முடியாது. இவரோ முன்பணமும் கேட்கிறார். எனக்குத் தெரிந்து இவர்களில் பலர் கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முன்பணம், பிறகு 'சர்வர் கட்டணம்', பிறகு 'வரி' என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டு நாள் என்று நாள் குறித்துக் கொடுப்பதே போதும், உங்கள் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் யாராலும் நாள் குறிக்க முடியாது.

முறையாகச் செய்பவர்கள் முழுக் கோப்பைக் கேட்க மாட்டார்கள். வாலட்டிலிருந்து பூட்டப்பட்ட தலைமைச் சாவியின் ஒரு பகுதியையும், அரைக்கும் எண்ணிக்கை போன்ற விவரத்தையும் மட்டும் பிரித்தெடுக்கச் சிறு நிரல்கள் இருக்கின்றன. பிடிசி ரிகவரோடும் ஜான் த ரிப்பர் என்ற கடவுச்சொல் சோதிக்கும் கருவியோடும் சேர்ந்தே வரும். அதை நீங்களே ஓட்டி, கிடைக்கும் ஒரு வரியை மட்டும் அனுப்பலாம். அதை வைத்துக் கடவுச்சொல் சரியா என்று சோதிக்கலாம், காசைத் தொட முடியாது. காசின் சாவிகள் அந்த வரியில் இல்லை. அப்போது நம்ப வேண்டிய நிலை அவருக்குத்தான்: கடவுச்சொல்லைச் சொன்ன பிறகு நீங்கள் பங்கு தருவீர்களா என்று. அதனால் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கேட்பார்கள், அது நியாயமான கோரிக்கை. திறந்தால் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கூலி. அவரிடம் ஊகப் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் இன்றும் புழக்கத்தில் இருக்கும் கடவுச்சொற்களை எல்லா இடத்திலும் மாற்றிவிடுங்கள்.

திறந்துவிட்டால் அவசரப்பட்டு இணையத்தில் இருக்கும் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள். புதிதாக ஒரு வாலட் அமைத்து, அதன் சீட் சொற்களை (வாலட்டைத் திரும்ப உருவாக்க உதவும் சொல் வரிசை) காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தை வைத்து அந்த வாலட்டை ஒரு தடவை மீட்டெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை அங்கே நகர்த்த வேண்டும். முதலில் சின்னத் தொகை, அது சேர்ந்த பிறகு மீதி. இன்னொன்று: 2017 ஆகஸ்ட் 1-ல் பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயம் பிரிந்தது. அன்றைக்கு அசையாமல் இருந்த முகவரிகளில் அதே அளவு பிட்காயின் கேஷும் அதே சாவியின் கீழ் இருக்கும். பிட்காயினைப் பத்திரமாக நகர்த்திய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம், முன்னால் வேண்டாம்.

திறக்காவிட்டாலும் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டியல் தீர்ந்து ஓராண்டு கழித்து, ஏதோ ஒரு பழைய நோட்டைப் புரட்டும்போது ஞாபகம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஓடி முடிந்த பட்டியல்களையும் கோப்போடு சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை அதே ஊகங்களை மறுபடி அரைப்பீர்கள்.

இப்போதைக்கு லேப்டாப்பைத் தம்பியிடமிருந்து வாங்கி ஒரு பையில் போட்டு வையுங்கள். மறுபடி எழுதும்போது எனக்கு மூன்று விவரம் போதும்: உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, முகவரியில் காசு வந்த தேதி எது, அதற்குப் பிறகு அங்கிருந்து ஏதாவது வெளியே போயிருக்கிறதா. கடவுச்சொல் மட்டும் வேண்டாம்.